நாலு தோள் அகலம்

ஒரு வரப்பில் இரண்டு நண்டுகள் குடியிருந்தன. ஒன்றின் வளை கிழக்கு வயலைப் பார்த்தது. மற்றதன் வளை மேற்கு வயலைப் பார்த்தது. கிழக்கு நண்டு தன் வீட்டைப் பெரிதாக்க நாள்தோறும் ஒரு பிடி மண்ணை வெளியே தள்ளியது. "ஒரு பிடிதானே" என்று சொல்லிக்கொண்டது. மேற்கு நண்டும் அவ்வாறே செய்தது, அவ்வாறே சொல்லிக்கொண்டது. ஐப்பசி மழையில் ஒரு நாள் வரப்பு சரிந்து கரைந்தது. வீடிழந்த நண்டுகள் வெட்டவெளியில் முகத்துக்கு முகம் நின்றன. உடனே இரண்டும் ஒரே குரலில் கேட்டன: "அடப்பாவி, வரப்பை எங்கே கொண்டுபோய் வைத்தாய்?"

திருப்பனந்தாளுக்கு வடக்கே, மண்ணியாற்றுப் பாசனத்தில் இருக்கும் கீழமாங்கரையில் நண்டுகளின் இடத்தில் இரண்டு பங்காளிகள் இருந்தார்கள். மேற்கு வயல் தியாகராசனுடையது. கிழக்கு வயல் அவருடைய அண்ணன் மகன் மதிவாணனுடையது. இரண்டுக்கும் நடுவே தெற்கு வடக்காக ஓடிய வரப்பின் ஒரு முனையில் தெற்குத் தெரு இருந்தது. மறுமுனையில், ஆற்றங்கரையை ஒட்டி, அந்தத் தெருவாரின் இடுகாடு இருந்தது. தெற்குத் தெருவார் தலைமுறை தலைமுறையாக இந்த வயல்களில் நட்டவர்கள், அறுத்தவர்கள். இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் செவிலியர் உண்டு, பொறியாளர் உண்டு. சிலர் சொந்தமாக நிலமும் வாங்கியிருக்கிறார்கள். செம்மொழி அந்தத் தெருவில் பிறந்தவள்; தஞ்சாவூரில் வேலை பார்ப்பவள். அவள் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது உமித்தீ. மேலே சாம்பல் பூத்திருக்கும். உள்ளே கையை வைத்தவனுக்குத்தான் தெரியும்.

தீ மூட்டப்பட்டதும் ஓர் ஐப்பசியில்தான். சில ஆண்டுகளுக்கு முன், சம்பா நட்டு நாற்று பச்சை பிடித்திருந்த வேளையில், அவள் தந்தை இராஜாங்கம் இறந்துபோனார். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பாடை தெற்குத் தெரு முனையைக் கடந்தபோது, வரப்பின் தலைமாட்டில் தியாகராசன் குடையுடன் நின்றிருந்தார்.

"வரப்பு மேலயே போங்கப்பா. நட்ட வயல்ல ஒரு கால் இறங்கக் கூடாது, ஆமா."

"வரப்பு ஒரு சாண் அகலம்தான் கெடக்கு ஐயா. நாலு பேரு தோள் கொடுத்து எப்படிப் போறது?" என்றார் பாடை தூக்கியவர்களில் ஒருவர்.

"அதுக்கு நான் என்ன பண்ண? இது என்ன பாதையா? வெறும் வரப்பு."

கிழக்குப் பக்கம் மோட்டார்க் கொட்டகை வாசலிலிருந்து மதிவாணன் குரல் கொடுத்தார்: "இந்தப் பக்கமும் இறங்கிடாதீங்க. நேத்துதான் உரம் போட்டிருக்கேன். இங்க பாதையே கிடையாது."

நாலு பேர் சுமக்க வேண்டியதை இரண்டு பேர் சுமந்தார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நடுவழியில், ஊறிப்போயிருந்த வரப்பு ஒரு கைப்பிடி வெண்ணெய் போலச் சரிந்தது. பாடை கவிழ்ந்தது. வாழ்நாளெல்லாம் குனிந்து நட்ட அதே வயலில் இராஜாங்கம் முகம் குப்புற விழுந்தார். பெண்கள் தெரு முனையோடு நின்றுவிட வேண்டும் என்ற வழக்கத்தை மறந்து செம்மொழி ஓடினாள். சேற்றில் முழந்தாளிட்டுத் தந்தையின் முகத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். அப்போதுதான் தலைக்கு மேலே அந்தக் குரல் கேட்டது.

"பாத்துப் போங்கப்பா... நாத்து போச்சே!"

அவ்வளவுதான் தியாகராசன் சொன்னார். மதிவாணன் அதுகூடச் சொல்லவில்லை. இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் தாய் செவ்வந்தி அந்தத் துப்பட்டாவைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள் என்பதற்காகச் செம்மொழி தாயோடு பல நாள் பேசவில்லை. துணியின் சேறு போயிற்று. சொல்லின் சேறு போகவில்லை. அந்தச் சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுக்கும் நாள் வரும் என்று அவள் காத்திருந்தாள். வீட்டுக் கடவுளுக்கு விளக்கேற்றும்போதும் அவள் வேண்டிக்கொண்டது அதைத்தான். நல்ல பெண்ணுக்கு இது தகுமா என்று கேட்பவர்கள், சேற்றில் கிடந்த முகம் யாருடையது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

*

நாள் வந்தது. வந்த நாள் மதிவாணன் உருவத்தில் வந்தது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், ஒரு மாடியறையில், செம்மொழியின் அலுவலகம். பழைய புகைப்படங்களையும் ஓவியங்களையும் ஸ்கேன் செய்து கோட்டுப்படமாக மாற்றித் தருவது அவள் தொழில். கோயில் தூண் சிற்பங்களைப் புத்தகத்தில் அச்சிட விரும்புவோரும், பழைய வீட்டைப் புதுப்பிக்க விரும்பும் கட்டடக்காரரும், திருபுவனத்துப் பட்டுக்குப் புதுக் கரை தேடுவோரும் அவளிடம் வருவார்கள். இப்போது, படியேறிய மூச்சு அடங்காமல், மதிவாணன் எதிரில் உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பியவர். கழுத்துச் சங்கிலி சட்டைக்கு வெளியே கிடந்தது.

"வரப்பு உடைஞ்சு போச்சும்மா. என் வயல்ல போட்ட உரமெல்லாம் தண்ணியோட சித்தப்பா வயலுக்குப் போயிடுச்சு. ஏன் உடையாது? வருஷா வருஷம் அண்டை வெட்டுறேன் பேர்வழின்னு என் பக்கமா நகத்திக்கிட்டே வந்திருக்காரு அந்த மனுஷன்."

நடவுக்கு முன் வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்கிச் சீர் செய்வதைத்தான் அங்கே அண்டை வெட்டுதல் என்பார்கள். புல்லோடு ஒரு விரல் மண்ணும் வரும். அதைப் பற்றி அந்த நாட்டில் ஒரு நியாயம் உண்டு: என் மண்வெட்டி செதுக்குவது புல்; அடுத்தவன் மண்வெட்டி செதுக்குவது மண்.

"சர்வேயரைக் கூப்பிடுறதுதானே ஐயா?"

"கூப்பிட்டோமே. கிராம வரைபடத்துல ஒத்தக் கோடு இருக்கு. வரப்பு எவ்வளவு அகலம், எதுலேர்ந்து எதுவரைக்கும்னு அதுல என்ன தெரியும்? கோட்டுக்கு ஏதும்மா அகலம்? தை மாசம் கும்பாபிஷேகம் வருது. பரிவட்டம் கட்டிக்க அவரும் நிக்கிறாரு, நானும் நிக்கிறேன். வரப்பு திருடுனவனுக்குப் பரிவட்டம் கிடையாதுன்னு ஊரே சொல்லிடுச்சு. திருடன் யாருன்னு தெரியணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க அப்பா சாவுல அந்த ஆளு பண்ணினதை நீ மறந்திருக்க மாட்டே. நானும் மறக்கல. பழி தீர்க்க இது நல்ல சமயம் பாப்பா."

'நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதையும் நான் மறக்கவில்லை' என்று செம்மொழி மனத்துக்குள் சொன்னாள். வெளியே, "பழைய படம் ஏதாவது இருக்கா ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

படம் இருந்தது. கீழமாங்கரைச் சிவன் கோயிலுக்குக் குடமுழுக்கு வரும்போதெல்லாம் கோபுரத்தைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டுவார்கள். அப்போது சாரத்தின் உச்சியில் ஏறி, கூட்டத்தையும் ஊரையும் வயலையும் சேர்த்து ஒரு படம் எடுப்பது அந்தப் பக்கத்துப் புகைப்படக்காரர்களின் வழக்கம். திருவிடைமருதூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அஹமது கபீர் அப்படி இரண்டு குடமுழுக்குகளைக் கண்டவர். முதற்படம் கறுப்பு வெள்ளை, அவர் மீசை அரும்பிய காலத்தது. இரண்டாவது வண்ணப்படம், செம்மொழி பள்ளியில் படித்த காலத்தது.

"மொத தடவை சாரத்துல ஏறுனப்ப காலு நடுங்கிப் போச்சும்மா," என்று நெகட்டிவ் உறையை எடுத்துக் கொடுத்தபடி கபீர் சிரித்தார். "படம் ஆடாம வந்ததே அல்லா புண்ணியம். கீழே இருந்து குருக்கள் கத்துறாரு, 'பாய், எங்க சாமிய நம்பி ஏறிட்டீரு, இறங்குறதுக்கும் எங்க சாமியவே கேளும்'னு!"

மூன்றாவது படத்தைச் செம்மொழியே எடுத்தாள். இப்போதும் சாரம் கட்டியிருந்தார்கள். "மூங்கிலைக் கெட்டியா பிடிச்சுக்குங்க மேடம், கீழே பாக்காதீங்க" என்றார் சுதை வேலைக்காரர். அவள் கீழே பார்ப்பதற்காகவே ஏறினாள். உச்சியிலிருந்து பார்த்தபோது தெற்குத் தெரு ஒரு கையகலம் தெரிந்தது. ஆற்றங்கரை இடுகாடு ஒரு விரலகலம். இரண்டுக்கும் நடுவே, பச்சைக்குள் பச்சையாய், வரப்பு ஒரு நூலிழையாகக் கிடந்தது. அந்த இழையில்தான் அவள் தந்தையின் பாடை கவிழ்ந்தது.

*

கணினிக்குப் புகைப்படம் என்பது ஒளிப் புள்ளிகளை வரிசையாக நட்ட வயல். எந்த இடத்தில் வெளிச்சம் சட்டென்று இருட்டாக மாறுகிறதோ அந்த இடமே விளிம்பு. செம்மொழி முதலில் தூசியும் கீறலும் அடங்கும்படி படத்தைச் சற்றே மங்கலாக்குவாள். பிறகு, மாற்றம் எவ்வளவு இருந்தால் அதைக் கோடாகக் கொள்ளலாம் என்று மட்டம் வைப்பாள். மட்டத்துக்கு மேலே இருக்கும் வலுவான கோடு நிலைக்கும். வலுவில்லாத கோடு, ஏதாவதொரு வலுவான கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிழைக்கும். ஆதரவின்றித் தனியே நின்றால் அழிக்கப்படும். கல்லூரியில் முதன்முதலாக இதைப் படித்தபோது செம்மொழி வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். "நம்ம ஊர்ப் பஞ்சாயத்தைப் பாத்துட்டுத்தான்டி இதை எழுதியிருக்கானுங்க" என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள்.

மூன்று படங்களையும் ஸ்கேன் செய்தாள். குளத்தின் நான்கு மூலையும், வாய்க்கால் மதகும், அரசமரத்தடி மேடையும் இடம் மாறாதவை. அவற்றைப் பிடித்துக்கொண்டு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினாள். வழக்கமான மட்டத்தில் விளிம்புகளைத் தேடச் சொன்னாள். திரையிலிருந்து பச்சை போயிற்று, வானம் போயிற்று, கூட்டம் போயிற்று. வெள்ளையில் கறுப்புக் கோடுகள் மட்டும் மிஞ்சின.

பங்காளிகளின் வயலுக்கு நடுவே, முதற்படத்திலிருந்து தெளிவான ஒற்றைக் கோடு வந்தது. இன்றைய படத்தின் கோடு அதற்குக் கிழக்கே விலகி ஓடியது. வரப்பு மேற்கிலிருந்து கிழக்கே நடந்திருக்கிறது. அப்படியானால் திருடன் தியாகராசன்.

இத்தனை எளிதாகவா? ஊர் கூடிய இடத்தில் இந்தக் கோட்டைக் காட்டினால் போதும். 'நாத்து போச்சே' என்ற வாய் அடைத்துப்போகும். பரிவட்டம் கட்ட நீண்ட தலை கவிழ்ந்து திரும்பும்.

முடிவைப் பார்க்க வந்த மதிவாணன் திரையைக் கண்டதும் துள்ளினார்.

"இது போதும்மா! இதுக்கு மேல எதையும் நோண்டாதே. இதை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடு."

அவர் போன பிறகு அந்தச் சொல் அறையிலேயே நின்றது. நோண்டாதே. எலி இருக்கும் வளையைத்தான் நோண்டாதே என்பான், எலியோடு கூட்டு வைத்தவன்.

அவள் முதற்படத்தின் அந்தக் கோட்டைப் பெரிதாக்கினாள். ஒற்றைக் கோடு அன்று அது. ஒட்டிக்கொண்ட இரட்டைக் கோடு. நடுவில் மெல்லிய வெண்மை. வரப்புக்கு இவ்வளவு குறுகிய உடம்பு இருக்க முடியாது. மூலப் புகைப்படத்தைத் திறந்து அதே இடத்தைப் பார்த்தாள். அறுவடை முடிந்த நிலம். காய்ந்த தாளும் காய்ந்த வரப்பும் ஏறக்குறைய ஒரே நிறம். அந்த மங்கலின் நடுவே பளிச்சென்று வெளுத்துக் கிடந்தது ஒரு தடம். மனிதர் நடந்து நடந்து புல் செத்து, மண் தேய்ந்து வெளுத்த ஒற்றையடித் தடம். தெற்குத் தெருவில் தொடங்கி இடுகாட்டில் முடிந்தது. கணினி வரப்பின் விளிம்பைக் காணவே இல்லை. அது கண்டது அவள் தெருவாரின் காலடியை.

செம்மொழி அந்தத் தடத்தின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள். பிறகு மட்டத்தைக் கீழே இறக்கினாள், இன்னும் கீழே. கோழி கிளறியது போலத் திரை முழுவதும் கோடுகள் முளைத்தன. அவற்றுக்குள்ளே, வெளுத்த தடத்துக்கு இருபுறமும் அகன்று, வலுவில்லாத இரண்டு கோடுகள் தெற்கிலிருந்து வடக்கே ஓடின. எந்த வலுவான கோட்டையும் தொடாத காரணத்தால் முதலில் அழிக்கப்பட்ட கோடுகள் அவை. அவைதான் வரப்பின் உண்மையான இரு கரைகள். இடையே நாலு பேர் தோள் கொடுத்துத் தாராளமாக நடக்கும் அகலம்.

இரண்டாம் படத்தையும் அதே மட்டத்தில் வைத்தாள். இரு கரைகளும் உள்ளே நெருங்கியிருந்தன. மேற்கிலிருந்து கொஞ்சம் அதிகம், கிழக்கிலிருந்து கொஞ்சம் குறைவு. மூன்றாம் படத்தில் இரண்டும் முட்டிக்கொண்டன. மேற்குக்காரர் கூடுதலாகத் தின்றதால்தான் மிச்சம் கிழக்கே ஒதுங்கியிருந்தது.

நண்டுக் கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வரப்பின் மேல் நாள்தோறும் எறும்புச் சாரை ஒன்று போய் வந்துகொண்டிருந்தது. வரப்பு இடிந்த அன்று நண்டுகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டனவே தவிர, எறும்புகளை இரண்டும் கேட்கவில்லை.

இப்போது அவள் முன்னே இரண்டு பழிகள் இருந்தன. முதற் கோட்டைக் காட்டினால் தியாகராசன் ஒழிவார். வரப்பு மதிவாணனுக்குப் போகும். அடுத்த ஐப்பசியில் தெற்குத் தெருவிலிருந்து எழும் பாடை மறுபடியும் சேற்றில் விழும். இரண்டாவதைக் காட்டினால் அகலமே திரும்பி வரும். ஆனால் அதற்கு இரண்டு பேரும் தாமாகவே வந்து கண்ணியில் தலையை வைக்க வேண்டும். செம்மொழி மதிவாணனுக்குப் போன் செய்தாள்.

"படம் ரெடி ஐயா. ஆனா நாளைக்கு யாரும் 'இந்தப் படத்தை ஒத்துக்க மாட்டேன்'னு சொல்லக் கூடாது. ரெண்டு பேரும் பிடாரி கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். அப்புறம்தான் காட்டுவேன்."

"அவ்வளவுதானே? சித்தப்பாவை இழுத்துட்டு வர்றது என் பொறுப்பு!" என்றார் மதிவாணன், இலையில் பாயசம் விழுந்தவர் போல.

*

எல்லைப் பிடாரி கோயில் வாசலில் சத்தியம் நடந்தது. எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "பழைய படத்துல வர்ற கரைதான் கரை, அதுக்கு மேல எனக்குப் பாத்தியதை இல்லை" என்று மதிவாணன் முதலில் சொன்னார். தியாகராசன் சிறிதும் தயங்கவில்லை. ஊராட்சித் தலைவி ராஜாத்தி அவரிடம், "யோசிச்சுச் செய்யுங்க மாமா" என்றபோது அவர் சிரித்தார்.

"என்னத்த யோசிக்க? ராஜாங்கம் என் வயல்ல வளந்தவன். அவன் மவ எனக்கு எதிரா கோடு போட்ருவாளா? என்னம்மா?"

செம்மொழி அவர் முகத்தையே பார்த்தாள். அதில் கள்ளம் இல்லை, அச்சம் இல்லை, அந்த ஐப்பசி நாளின் நிழல்கூட இல்லை. "இருக்கிறதைத்தான் காட்டுவேன் ஐயா" என்றாள்.

சமுதாயக் கூடத்தின் சன்னல்களைச் சாத்தி, சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஊர் முழுவதும் தரையில் உட்கார்ந்திருந்தது. தெற்குத் தெருவார் வழக்கம்போலப் பின்வரிசையில் இருந்தார்கள். படத்தைக் காட்டுவதற்கு முன் செம்மொழி கேட்டாள்:

"அந்தக் காலத்துல வரப்பு எவ்வளவு அகலம் இருந்துச்சு ஐயா? நீங்க பெரியவங்க, நீங்களே சொல்லுங்க."

தியாகராசன் எழுந்து நின்றார். "எவ்வளவா? எங்க அப்பா காலத்துல கதிர்க்கட்டு ஏத்தின வண்டியே போகும்மா அதுல! அத்தனையையும் செதுக்கித் தின்னுட்டானே இந்தச் சிங்கப்பூர்க்காரன்!"

"ஒரு வண்டியா?" மதிவாணன் துள்ளி எழுந்தார். "வண்டியும் போகும், எதுத்தாப்புல மாடும் வரும்! சின்னப் புள்ளையில நானே பாத்திருக்கேன். தின்னது யாருன்னு இப்பத் தெரியும் சித்தப்பா!"

"நீ அப்ப டவுசரே போடல, நீ பாத்தியா?"

"டவுசர் போடலன்னா கண்ணுமா இல்ல?"

கூடம் சிரித்தது. செம்மொழி சிரிக்கவில்லை.

"அப்போ வரப்பு அகலமா இருந்துச்சுங்கிறதுல ரெண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை."

"இல்லவே இல்லை!" என்றன இரண்டு குரல்களும். பல ஆண்டுகளில் அவர்கள் ஒத்துப்போன ஒரே செய்தி அது.

அவள் முதற்படத்தை வேட்டியில் வீசினாள். அதன்மேல் கறுப்பில் இரண்டு கரைக் கோடுகள் விழுந்தன. கூட்டம் 'ஆ' என்றது. இரண்டாம் படத்தின் கரைகள் பச்சையில் விழுந்தன; உள்ளே நெருங்கியிருந்தன. மூன்றாம் படத்தின் கரைகள் சிவப்பில் விழுந்தன; ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. யாரும் விளக்கம் கேட்கவில்லை. மண்வெட்டி பிடித்த கைகளுக்கு அந்தக் கோடுகள் எழுத்தை விடத் தெளிவு. மேற்கிலிருந்து ஒரு வாய், கிழக்கிலிருந்து ஒரு வாய். நடுவில் தேய்ந்து மறைந்த ஓர் உடம்பு.

மதிவாணன்தான் முதலில் வாய் திறந்தார். "என்னம்மா இது... அன்னைக்கு நீ காட்டினது ஒத்தக் கோடுல்ல?"

"அன்னைக்கு நீங்க பாத்தது இது ஐயா." வெளுத்த தடத்தின் மேல் அவள் சுட்டொளியை ஓட்டினாள். "இது வரப்போட கரை இல்ல. எங்க தெரு ஜனங்க நடந்த தடம். இங்க ஆரம்பிச்சு, இடுகாட்டுல முடியுது." அவள் குரல் உயரவில்லை. "எங்க அப்பா பாடை வந்த அன்னைக்கு, 'இது என்ன பாதையா, வெறும் வரப்பு'ன்னு ஒருத்தர் சொன்னீங்க. 'இங்க பாதையே கிடையாது'ன்னு ஒருத்தர் சொன்னீங்க. இப்ப வண்டி போகும்னு ஒருத்தர் சொல்றீங்க. வண்டியும் மாடும் போகும்னு ஒருத்தர் சொல்றீங்க. வண்டி போற வரப்புல பொணம் போகாதா ஐயா?"

பின்வரிசையில் தாய் செவ்வந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெற்குத் தெருவார் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்; ஏன் எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது.

"சித்தப்பாதான் கூடத் தின்னிருக்காரு, பாருங்க, மேக்கால கூட..." என்று மதிவாணன் தடுமாறினார்.

"ஆமா. ஒருத்தர் கூடத் தின்னாரு, ஒருத்தர் கொறைச்சுத் தின்னாரு. அதை நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க. கறுப்புக் கோட்டுக்கும் கறுப்புக் கோட்டுக்கும் நடுவுல உள்ளது உங்க ரெண்டு பேருதும் இல்ல. பழைய படத்துல வர்ற கரைதான் கரைன்னு கற்பூரம் அணைச்சிருக்கீங்க."

ராஜாத்தி தொண்டையைச் செருமினாள். "பிடாரி சத்தியம் மாமா. நான் எதுவும் சொல்றதுக்கில்ல."

தை மாதக் குடமுழுக்கில் பரிவட்டம் இருவர் தலையிலும் ஏறாது என்பதை அதற்குமேல் ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பது இல்லை.

*

குச்சி அடிக்கும் நாளில் தூறல் போட்டது. மதகிலிருந்தும் குளத்து மூலையிலிருந்தும் நாடா பிடித்து, படத்தின் கறுப்புக் கோடு வயலில் எங்கே விழும் என்று செம்மொழி காட்டக் காட்ட, தெற்குத் தெரு ஆட்கள் இருபுறமும் மூங்கில் முளைகளை அடித்துக்கொண்டே போனார்கள். நட்டுப் பச்சை பிடித்த நாற்று அவர்கள் காலடியில் சேற்றுக்குள் அமிழ்ந்தது. கரையை உயர்த்த ஆற்றோரத்து மண் வண்டியில் வந்து நின்றது.

தியாகராசன் குடையுடன் வந்தார். ஒவ்வொரு முளையையும் தன் விலாவில் அடிப்பது போலப் பார்த்துக்கொண்டு ஓரமாக நடந்தவர், ஓரிடத்தில் கால் வழுக்கினார். குடை ஒரு பக்கம் பறந்தது. அவர் இடுப்பளவு தம் நாற்றுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். வேலை நின்றது. யாரும் சிரிக்கவும் இல்லை, கை கொடுக்கவும் இல்லை.

செம்மொழி அவருக்கு அருகே போய் நின்றாள். இத்தனை ஆண்டுகள் உமிக்குள் புதைத்துக் காத்த சொல் நாவின் நுனிக்கு வந்தது. அதை அவள் அவசரப்படாமல் எடுத்து வைத்தாள்.

"பாத்துப் போங்கய்யா... நாத்து போச்சே!"

தியாகராசன் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சேறு தெறித்திருந்தது. சினம் வரும், வெட்கம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது வெறும் குழப்பம்.

"ஆமாம்மா," என்றார் பரிதாபமாக. "என் நாத்துதான் போச்சு. நீயாவது கேக்குறியே."

செம்மொழிக்கு உலகமே ஒரு கணம் வழுக்கியது. அவருக்கு நினைவே இல்லை. அவள் வாழ்நாளையே பற்ற வைத்த நெருப்பு அவருக்கு ஒரு தும்மல், தும்மியவன் மறந்துபோனான்.

அப்போது கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தன் வயலில் அடித்த முளைகளை வெறித்தபடி நின்றிருந்த மதிவாணன்தான். பங்காளியின் காயத்தில் உப்பு தடவக் கிடைத்த வாய்ப்பை எந்தப் பங்காளி விடுவான்?

"அது அக்கறை இல்ல சித்தப்பா. ராஜாங்கம் பொணம் சேத்துல விழுந்தப்ப நீங்க சொன்ன வார்த்தை. உங்க வார்த்தையைத்தான் உங்களுக்கே திருப்பிக் கொடுக்குது."

"நானா? நானாடா சொன்னேன்?"

"நீங்கதான். குடையைப் பிடிச்சுக்கிட்டு, இதே எடத்துல. அந்தப் பொண்ணு அப்பன் மொகத்தைத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

தியாகராசனின் கண்கள் மெல்ல அகன்றன. அவர் தாம் உட்கார்ந்திருந்த சேற்றைப் பார்த்தார். கையில் அப்பியிருந்த நாற்றைப் பார்த்தார். பிறகு செம்மொழியைப் பார்த்தார். இம்முறை அவர் தலை தானாகக் கவிழ்ந்தது. எழுந்து நிற்க அவர் முயலவில்லை.

மதிவாணன் வெற்றியோடு செம்மொழி பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

"நீங்க அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தது எனக்கும் ஞாபகம் இருக்குய்யா," என்றாள் செம்மொழி. "அதனாலதான் உங்க பக்கத்துக் கரையையும் தேடி எடுத்தேன்."

புன்னகை அவர் முகத்திலேயே கெட்டுப்போனது. அவள் திரும்பி ஆட்களைப் பார்த்தாள்.

"அடுத்த முளையை அடிங்க அண்ணே. கயிறு தொய்யாம இழுத்துப் பிடிங்க."

முளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றங்கரை நோக்கிப் போயின. இரண்டு வரிசைக்கும் நடுவே, கொட்டிய புதுமண்ணின் மேல், தெற்குத் தெரு ஆட்கள் நாலு பேர் தோளோடு தோள் சேர்த்து, எதையும் சுமக்காமல், ஒருமுறை நடந்து பார்த்தார்கள். இடித்துக்கொள்ளவில்லை, இடம் போதுமானதாக இருந்தது.